கம்ப்யூட்டர் கொடுக்கும் வாக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டுத்தான் இந்த மேடையைக் கொடுத்தார். "பழைய கதைகளை மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். நீ உன் தொழிலிலிருந்து பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு விஷயம் பேசு. ஆனால் சிவில் படித்த எனக்கும் புரிய வேண்டும்" என்றார். அதனால் நான்கைந்து விஷயங்களைத் தொடாமல் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு புரோகிராம், ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் "எனக்கு ஒரு ஜிகாபைட் மெமரி வேண்டும்" என்று கேட்கிறது. சிஸ்டம் "சரி, எடுத்துக்கொள்" என்கிறது. அப்படிச் சொன்ன அந்த நொடியில் அது உண்மையில் எதைக் கொடுத்தது?

பரீட்சையில் கேட்டால், "ஒரு ஜிகாபைட் மெமரியைக் கொடுத்தது" என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஆனால் இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸில் சரியான பதில் என்ன தெரியுமா? கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்கவில்லை. "நீ கேட்கும்போது தருகிறேன்" என்று ஒரு வாக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற அதன் கையில் இருப்பு இருக்கிறதா என்றால், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

ஆரம்ப காலத்துக் கம்ப்யூட்டர்களில் மெமரி மிகக் குறைவு. புரோகிராம் பெரிதாக இருந்தால், எந்தத் துண்டு எப்போது உள்ளே வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று எழுதுபவரே திட்டம் போட வேண்டும். அது தனி தலைவலி. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டர் இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டது. அதில் வேகமான கோர் மெமரி சுமார் 16 ஆயிரம் சொற்கள்தான். மெதுவாகச் சுற்றும் காந்த உருளையில் சுமார் 96 ஆயிரம் சொற்கள். இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, தேவைப்படும் பக்கத்தை மெஷினே கோர் மெமரிக்குக் கொண்டுவந்துவிடும். புரோகிராம் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய மெமரி போலத் தெரியும்.

இதற்குள் இருக்கும் சூட்சுமம் ஒன்றுதான். கதவு எண் வேறு, வீடு வேறு. புரோகிராம் கையில் வைத்திருப்பது கதவு எண். அந்த எண்ணுக்குப் பின்னால் வீடு எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பது சிஸ்டத்தின் பொறுப்பு. இதைத்தான் விர்ச்சுவல் மெமரி என்கிறோம். இன்றைய சாதாரண 64 பிட் மெஷினில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் 128 டெராபைட் அளவுக்குக் கதவு எண்கள் உண்டு. மெஷினில் இருக்கும் உண்மையான மெமரியோ 16 ஜிகாபைட், 32 ஜிகாபைட். எண்களுக்குப் பஞ்சமே இல்லை, வீடுகளுக்குத்தான் பஞ்சம்.

சி மொழியில் மாலாக் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது அல்லவா? அதன் மூலம் பெரிய அளவு மெமரி கேட்டால், சிஸ்டம் தன் நோட்டில் "இந்த எண் முதல் இந்த எண் வரை இவனுக்கு" என்று குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான். நீங்கள் முதல்முதலாக அந்த இடத்தில் எதையாவது எழுதும்போதுதான் ஹார்டுவேர் "இந்த எண்ணுக்கு வீடே இல்லையே" என்று கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் அப்போது ஓடிவந்து 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிக் கொடுக்கும். இதற்குப் பெயர் பேஜ் ஃபால்ட். ஃபால்ட் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது குற்றம் இல்லை, அன்றாட வேலை.

மாணவர்கள் இதை இன்றைக்கே லேபில் செய்து பார்க்கலாம். பத்து வரி புரோகிராம் போதும். மாலாக்கில் ஒரு ஜிகாபைட் வாங்குங்கள். வாங்கிவிட்டுச் சும்மா நில்லுங்கள். இன்னொரு ஜன்னலில் டாப் என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள். விர்ட் என்ற பத்தியில் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் காட்டும். ரெஸ் என்ற பத்தியில் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் காட்டும். முதலாவது வாக்கு, இரண்டாவது சாப்பாடு. பிறகு 4,096 பைட்டுக்கு ஒரு பைட் வீதம் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு ஜிகாபைட்டில் 2,62,144 பக்கங்கள். நீங்கள் எழுத எழுத ரெஸ் எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான், ஆனால் ஒரு செமஸ்டர் பாடம் மனசில் உட்கார்ந்துவிடும்.

சரி, கையில் இருப்பதற்கு மேல் ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்? வம்புதானே? இந்த இடத்தில் விடுதியில் இருந்தவர்களைத் துணைக்கு அழைக்கிறேன்.

300 பேர் உள்ள ஒரு விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு 300 பேருக்கும் சாப்பிட உரிமை உண்டு. ஆனால் மெஸ் மாஸ்டர் 300 பேருக்கு உலை வைப்பாரா? மாட்டார். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பான், கொஞ்சம் பேர் சினிமாவுக்குப் போயிருப்பான். 200 பேருக்கு வைப்பார். மற்றதெல்லாம் வீண் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள் இதையே டைவர்சிட்டி ஃபேக்டர் என்று படித்திருப்பீர்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டு லோடையும் கூட்டிப் பார்த்து யாரும் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதில்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார், மிக்ஸி, ஏசி எல்லாம் ஓடாது என்ற நம்பிக்கையில்தான் கணக்குப் போடுகிறோம்.

கம்ப்யூட்டரிலும் அதே நம்பிக்கைதான். புரோகிராம்கள் கேட்பது நிறைய, தொடுவது கொஞ்சம். யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே புதிய ப்ராசஸ் பிறப்பது ஃபோர்க் மூலம். தாயின் நகல்தான் பிள்ளை. 8 ஜிகாபைட் மெஷினில் 6 ஜிகாபைட்டை நிரப்பி வைத்திருக்கும் ஒரு புரோகிராம், ஒரு சின்னக் கட்டளையை ஓட்ட வேண்டுமென்று ஃபோர்க் செய்கிறது. கறாராகக் கணக்குப் பார்த்தால் இன்னொரு 6 ஜிகாபைட் ஒதுக்க வேண்டும். இடம் இல்லை, முடியாது என்று சொல்ல வேண்டும். ஆனால் உண்மையில் தாயும் பிள்ளையும் பக்கங்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாராவது ஒரு பக்கத்தில் எழுதினால் மட்டும் அந்த ஒரு பக்கத்துக்கு நகல் எடுக்கப்படும். பிள்ளையோ அடுத்த கணமே வேறு புரோகிராமாக மாறிவிடப் போகிறது. வராத விருந்தாளிக்கு ஏன் இலை போட வேண்டும்? வாக்குக் கொடுத்துவிட்டால் வேலை நடக்கும். இதைத்தான் ஓவர்கமிட் என்கிறார்கள். சொன்னால் ஏமாற்று வேலை போல இருக்கும். ஆனால் இது இல்லாவிட்டால் நாம் வாங்கும் மெமரியில் பெரும்பகுதி சும்மா தூங்கும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். அன்றைக்கு மழை. யாரும் ஊருக்குப் போகவில்லை. 300 பேரும் தட்டோடு வந்து நிற்கிறார்கள். என்ன ஆகும்?

கெர்னல் முதலில் தன் சேமிப்பில் கை வைக்கும். டிஸ்கிலிருந்து படித்து வைத்திருக்கும் ஃபைல் பக்கங்களைத் தூக்கிப் போடும். பிறகு, அதிகம் தொடப்படாத பக்கங்களை ஸ்வாப் என்ற டிஸ்க் பகுதிக்கு அனுப்பும். இந்தக் கட்டத்தில் மெஷின் மாட்டு வண்டி போல ஆகிவிடும். அதுவும் தீர்ந்தால், வாக்குத் தவறியே ஆக வேண்டும். ஆனால் யாரிடம், எப்படி "இல்லை" என்று சொல்வது?

இங்கேதான் சிக்கல். மாலாக் கேட்டபோது "இல்லை" என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது, அதைத் தாண்டிவிட்டோம். இப்போது புரோகிராம் எதையும் கேட்கவில்லை. தனக்குக் கொடுத்த இடத்தில் ஒரு எண்ணை எழுதுகிறது, அவ்வளவுதான். எக்ஸ் சமம் 5 என்ற வரிக்கு "முடியாது" என்று பதில் சொல்ல சி மொழியில் வழியே கிடையாது. "மாலாக் திருப்பித் தருவது நல்லா என்று சோதித்துப் பார்" என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அந்தச் சோதனையில் தேறினால் மெமரி கைக்கு வந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஆகவே கெர்னல் கடைசி ஆயுதத்தை எடுக்கிறது. அவுட் ஆஃப் மெமரி கில்லர், சுருக்கமாக ஓஓஎம் கில்லர். ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்று அதன் மெமரியைப் பிடுங்கிக்கொள்கிறது. அனுப்புவது 9-ஆம் எண் சிக்னல். அதைத் தடுக்க முடியாது, "ஒரு நிமிஷம், ஃபைலைச் சேமித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல முடியாது.

யாரைக் கொல்லும்? மெஸ்ஸில் கடைசியாக வந்தவன் பட்டினி. இங்கே அப்படி இல்லீங்க. ஏறத்தாழ, யார் அதிகமாகச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறானோ அவன் வெளியே. ஒருவனை அனுப்பினால் நிறைய இடம் கிடைக்கும் என்பது கெர்னலின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஒரு சர்வரில் அதிகமாகச் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் யார்? டேட்டாபேஸ்! அந்த மெஷின் எதற்காக வாங்கப்பட்டதோ, அந்த வேலையைச் செய்பவரே அவர்தான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் நடந்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் விழுந்தது. அன்று மாலைதான் ஒரு இளம் பொறியாளர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகாத பெண், டேட்டாபேஸில் ஒரு சிறிய மாற்றம் செய்திருந்தார். காலையில் எல்லார் கண்ணும் அவர் மேல். டேட்டாபேஸின் லாகைப் புரட்டினால் ஒன்றும் இல்லை. 9-ஆம் எண் சிக்னலில் செத்தவன் எப்படி எழுதி வைப்பான்? லாகில் ஒன்றும் இல்லை என்பதே அவருக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. எங்களில் ஒருவர் கெர்னலின் செய்திகளைத் திறந்து பார்த்தார். இன்ன ப்ராசஸைக் கொன்றேன் என்று தெளிவாக ஒரு வரி. அதற்கு மேலே, அந்த நேரத்தில் யார் யார் எவ்வளவு மெமரி வைத்திருந்தார்கள் என்ற பட்டியல். பழைய ஃபைல்களைத் தொகுக்கும் ஒரு இரவு வேலை, கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி மெஷினை நிரப்பியிருந்தது. ஆனால் டேட்டாபேஸ்தான் இன்னும் பெரிய ஆள். அதனால் அது செத்தது. தொந்தரவு கொடுத்தவன் சுகமாக வேலையை முடித்துவிட்டு "வெற்றி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பெண்ணின் மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓவர்கமிட் உள்ள இடத்தில் தவறு செய்தவன் ஒருவன், விழுகிறவன் வேறொருவன். இது தெரியாத இடத்தில், விழுந்தவனுக்குப் பக்கத்தில் நின்றவர் மேல் பழி வருகிறது. இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

"எல்லா சிஸ்டமும் இப்படித்தானா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. விண்டோஸ் வேறு வழியில் போகிறது. அங்கே கதவு எண்களை மட்டும் ஒதுக்கிக்கொள்வது ஒன்று, மெமரிக்கு உறுதி வாங்குவது வேறொன்று. உறுதி கொடுத்த மொத்தத் தொகை, மெமரியும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேட்கும்போதே "இல்லை" என்று சொல்லிவிடும். சோலாரிஸும் இயல்பாக அந்தக் கட்சிதான்.

லினக்ஸ் இதை நம்மிடமே விட்டுவிடுகிறது. மூன்று நிலைகள் உண்டு. 0 என்றால், மெஷினில் உள்ள மெமரி, ஸ்வாப் இரண்டையும் கூட்டினாலும் போதாத அளவுக்கு ஒருவன் ஒரே வாயில் கேட்டால் மட்டும் மறுக்கும், மற்றதெல்லாம் சரி. பெரும்பாலும் வாங்கும்போது இருக்கும் நிலை இதுதான். 1 என்றால், எவ்வளவு கேட்டாலும் சரி. 2 என்றால் கறார் கணக்கு. ஸ்வாப் முழுவதும், மெமரியில் ஒரு சதவீதமும் சேர்ந்ததுதான் எல்லை. அந்தச் சதவீதம் நாம் மாற்றாவிட்டால் 50. 16 ஜிகாபைட் மெமரி, 4 ஜிகாபைட் ஸ்வாப் உள்ள மெஷினில் 8-ம் 4-ம் சேர்ந்து 12 ஜிகாபைட் வரைதான் வாக்குக் கொடுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேடு 2-ஐ வைக்கச் சொல்கிறது. ரெடிஸின் கையேடு 1-ஐ வைக்கச் சொல்கிறது. இரண்டும் அனுபவசாலிகள் எழுதியவை. யார் சொல்வது சரி? இருவரும் சொல்வது சரி. போஸ்ட்கிரெஸில் ஒரு பிள்ளை ப்ராசஸ் இப்படிக் கொல்லப்பட்டால், பொது மெமரி கெட்டிருக்கலாம் என்று மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்புப் பணியில் இறங்க வேண்டியிருக்கும். "கேட்கும்போதே இல்லை என்று சொல், ஒரு கேள்வி மட்டும் தோற்கட்டும்" என்பது அவர்கள் நியாயம். ரெடிஸோ தன் தரவு முழுவதையும் மெமரியில் வைத்துக்கொண்டு, டிஸ்கில் சேமிக்க ஃபோர்க் செய்கிறது. கறார் கணக்கு போட்டால் அந்த ஃபோர்க்கே தோற்றுவிடும். "வாக்குக் கொடு, நான் அவ்வளவும் தொட மாட்டேன்" என்பது அவர்கள் நியாயம். ஆனால் இந்த அமைப்பு மெஷின் முழுவதற்கும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மெஷினில் வைத்தால் கையேடு உங்களைக் காப்பாற்றாது. அங்கே ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாத துறைகளும் உண்டு. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லெபாரட்டரியில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மேன் 2006-ல் பத்து விதிகளை வெளியிட்டார். அதில் ஒன்று, புரோகிராம் தொடங்கிய பிறகு புதிதாக மெமரி கேட்கவே கூடாது என்பது. தேவையானதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவானில் போய் "இல்லை" என்றால் யாரிடம் முறையிடுவது? இதற்கு நேர் எதிர்முனை உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். அங்கே கொல்வதே வாழ்க்கை முறை. பின்னால் போன ஆப்களை மெமரி தேவைப்படும்போது கொன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் ஆப் எழுதுபவர்களிடம், "பின்னால் போகும்போதே நிலையைச் சேமித்துவிடு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. இருவரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள்.

அதுதான் நான் சொல்ல வந்தது. வாக்குக்கு மேல் வாக்குக் கொடுப்பது தப்பில்லை. அது தவறும் நாளில் யார் விழ வேண்டும் என்று முடிவு செய்யாமல் இருப்பதுதான் தப்பு. நாம் முடிவு செய்யாவிட்டால் கெர்னல் செய்யும். மின் வாரியத்துக்காரர்கள் பற்றாக்குறை நாளில் எந்த ஃபீடரை நிறுத்துவது, ஆஸ்பத்திரி இருக்கும் ஃபீடரை எப்படிக் காப்பது என்று பட்டியல் வைத்திருப்பார்கள். நமக்கும் அந்தப் பட்டியல் வேண்டும்.

எதிர்காலத்தில் ஒரு சர்வர் உங்கள் பொறுப்புக்கு வரும்போது நான்கு காரியங்கள் செய்யுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் என்று ஒரு எண் உண்டு. மைனஸ் 1000 முதல் 1000 வரை. டேட்டாபேஸுக்குக் குறைத்து வையுங்கள். இரவு வேலைக்கு ஏற்றி வையுங்கள். ஆனால் எல்லோரையும் மைனஸ் 1000-ல் உட்கார வைத்துவிடாதீர்கள். கொல்ல ஆளே இல்லை என்றால் கெர்னல் கையை விரித்துவிட்டு மெஷினோடு சேர்ந்து விழும்.

இரண்டாவது, வேலி போடுங்கள். 2008 முதல் லினக்ஸில் சிகுரூப் என்ற வசதி இருக்கிறது. இந்தக் குழுவுக்கு இத்தனை மெமரிதான் என்று வரம்பு வைத்தால், மீறியவன் குழுவுக்குள்ளேயே ஆள் விழும். அடுத்த வீட்டுக்காரன் பிழைப்பான். இன்றைய கன்டெய்னர்களின் மெமரி வரம்பு இதன் மேல்தான் நிற்கிறது. முதல் வேலையில் 137 என்ற எண்ணோடு ஒரு கன்டெய்னர் விழுவதைப் பார்த்தால் நினைவில் வையுங்கள்: 128-உடன் 9 சேர்ந்தது 137. 9 யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். உடனே வரம்பைப் பாருங்கள்.

மூன்றாவது, மெமரி நிலவரத்தைப் பார்க்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். தொட்டது எவ்வளவு, வாக்குக் கொடுத்தது எவ்வளவு. மெம்இன்ஃபோ என்ற ஃபைலில் கமிட்டட் ஏஎஸ் என்ற வரி இரண்டாவதைச் சொல்லும். மழை பெய்தால் எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று அது காட்டும்.

நான்காவது, எந்த நொடியில் செத்தாலும் மறுபடி எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படி புரோகிராம் எழுதுங்கள். 9-ஆம் எண் சிக்னலுக்கு மட்டும் அல்ல, கரண்ட் போவதற்கும் அதுதான் மருந்து.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது பெரிய மேதாவித்தனம் ஒன்றும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் பேஜ் ஃபால்ட் என்று ஒரு பாடம் வருகிறதே, அதைப் படித்து மறக்காத ஒருவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். "இதெல்லாம் வேலையில் எங்கே வரப்போகிறது" என்று அந்த அத்தியாயத்தைத் தள்ளிவிடாதீர்கள். என்றைக்காவது ஒரு காலை நேரத்தில், யார் மேலோ பழி விழும் வேளையில், அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.